மிளகுப் பாறைக்குக் காவல்

“ஏங்கண்ணு, உங்கண்ணன் வெட்டுனானே, அந்த ஆளு செத்துட்டானா, இருக்கறானா?”

செம்மேட்டில் பஸ் நிற்கும் இடத்தில், கையில் அன்னாசிப்பழக் கீற்றோடு நின்றிருந்த ஒரு பெண் மேனகாவைக் கேட்ட கேள்வி இது. அவள் பெயர்கூட மேனகாவுக்குத் தெரியாது. கெட்ட எண்ணத்தோடு கேட்டாள் என்றும் சொல்ல முடியாது. இந்த பஸ் எந்த ஊருக்குப் போகும் என்று கேட்பதைப் போலத்தான் கேட்டாள். கேட்டுவிட்டு அன்னாசியை ஒரு கடி கடித்தாள்.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மேனகாவுக்குப் பதில் தெரியவில்லை. உண்மையிலேயே தெரியவில்லை. வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. பஸ் வந்தது, பிள்ளைகள் ஏறினார்கள், அவள் ஏறவில்லை. ஒற்றையடிப் பாதையில் நடந்தே வீடு வந்து சேர்ந்து பள்ளிக்கூடப் பையை ஆணியில் மாட்டினாள். அதற்குப் பிறகு அந்தப் பை கீழே இறங்கவே இல்லை.

அம்மா அத்தாயி கெஞ்சினாள், திட்டினாள், ஒரு நாள் விளக்குமாற்றையும் எடுத்தாள். மேனகா வாயைத் திறக்கவில்லை. “இவளுக்குச் சாமி வாயக் குடுத்தது சோறு திங்க மட்டுந்தான்” என்று பக்கத்து வீட்டுச் சென்னம்மாள் சொன்னாள். ஊரும் அதையே வைத்துக்கொண்டது.

அண்ணன் சென்றாயன் சேலம் ஜெயிலிலிருந்து வெளியே வருகிறான் என்ற செய்தி அதற்கு மறு வருஷம் ஐப்பசியில் வந்தது. மலைமேல் திண்ணனூர் நாட்டில் அந்தச் சின்ன ஊருக்கு அதுவரை ஒரு ரவுடியும் வாய்த்ததில்லை. பஞ்சாயத்து டிவியில் ஞாயிற்றுக்கிழமை ஓடுகிற படத்தில் பார்த்ததுதான். ஆகவே கறுப்புக் கண்ணாடி, கழுத்தில் சங்கிலி, புழுதி பறக்க ஒரு ஜீப், பின்னால் நான்கு தடியர்கள் என்று ஆளாளுக்கு ஒரு படம் போட்டு வைத்திருந்தார்கள். சென்றாயன் மத்தியான பஸ்ஸில் வந்தான். எழுபது கொண்டை ஊசி வளைவும் கடைசிப் படிக்கட்டில் நின்றுகொண்டே வந்திருந்தான். காலர் கிழிந்த சட்டை. கையில் ஒன்றோடொன்று கட்டிய இரண்டு பிளாஸ்டிக் குடம், அம்மாவுக்கு.

“இவனா ரவுடி?” என்றாள் சென்னம்மாள். “எங்கூட்டுக் கெடா இவன விட நல்லா மொறைக்கும்.”

ஊர் சிரித்தது. ஆனால் சிரிப்பு வேறு, மிளகு வேறு.

ஊருக்கு மேலே மண் ரோட்டை ஒட்டி ஒரு பெரிய பாறை இருக்கிறது. யானை படுத்த மாதிரி நீளமாக, மேலே தட்டையாக, காலையிலிருந்து சாயங்காலம் வரை வெயில் விழுகிற பாறை. ஊரில் பறிக்கிற மிளகெல்லாம் அதில்தான் காயும். ஒவ்வொரு வீட்டுக்கும் பாறையில் ஒரு இடம், ஒவ்வொரு குவியலின் மேலும் அந்த வீட்டு அடையாளம். ஊர்க்கவுண்டர் வெங்கிடுசாமி வீட்டுக்கு நாக்கு இல்லாத வெண்கல மணி. சென்னம்மாள் வீட்டுக்குப் பிடி உடைந்த மத்து. இன்னொரு வீட்டுக்கு லாடம், இன்னொன்றுக்குச் சங்கு. மேனகா வீட்டுக்கு, நடுவில் வெள்ளைக்கோடு ஓடும் கறுப்புக் கூழாங்கல். மிளகு காய்ந்து முடிகிற வரை அங்கேயே கிடக்கும். இரவில் பாயைப் போட்டு மூடிவிட்டு எல்லோரும் போய்விடுவார்கள். காவல் என்று ஒருவர் இருந்ததே இல்லை. இன்னொருவர் அடையாளத்தைத் தொடுகிற கையும் இருந்ததில்லை. மழை வந்தால் மட்டும் அந்த நேரத்தில் பாறையில் நிற்கிறவர் யாரோ, அவர் எல்லா வீட்டு மிளகையும் அள்ளிக் கட்ட வேண்டும். தன்னுடையதைக் கடைசியில்தான் அள்ள வேண்டும். அதற்காகவே ஒவ்வொரு குவியலுக்குப் பக்கத்திலும் கல்லுக்கு அடியில் சாக்குகள் மடித்து வைத்திருக்கும்.

மிளகு விலை ஏறு ஏறென்று ஏறியிருந்த வருஷம் அது. தை மாசம் முதல் பறிப்பு பாறைக்கு வந்தபோது, பாறையின் உச்சியில் ஒரு ஓலைக் குடிசையும் அதற்குள் ஒரு கயிற்றுக் கட்டிலும் வந்திருந்தன. கட்டிலில் டார்ச் லைட்டோடு வெங்கிடுசாமி உட்கார்ந்திருந்தார்.

சென்றாயன் தலையில் சாக்கோடு ஏறி வந்தான். அப்பா செத்த பிறகு காடாகிப் போயிருந்த மிளகுக் கொடிகளை மூன்று மாசம் மூங்கில் ஏணியும் கையுமாகக் கவாத்துப் பண்ணி, தண்ணீர் விட்டு, அவன் பறித்த முதல் மிளகு அது. கட்டிலைப் பார்த்தான்.

“என்னங்க பெரியப்பா, பாறையில கட்டிலு?”

“பன்னி வருதுப்பா.”

“பன்னி மொளகு திங்குமுங்களா?”

வெங்கிடுசாமி வெற்றிலையை மறு கன்னத்துக்கு மாற்றினார். “இந்தக் காலத்துப் பன்னி எதத்தான் திங்கல?”

“அதுவுஞ் சரிதானுங்க” என்று சிரித்துவிட்டுச் சென்றாயன் தன் வீட்டு இடத்தில் மிளகைக் கொட்டிப் பரப்பினான். பின்னால் கூடையோடு நின்ற மேனகாவுக்குத்தான் முகம் எரிந்தது. கறுப்புக் கல்லைத் தலை குனிந்தபடியே குவியல் மேல் வைத்தாள்.

அன்று சாயங்காலம் அடுப்புக்கு விறகு உடைத்துக்கொண்டிருந்த அண்ணனிடம் போய் நின்றாள்.

“என்ன கண்ணு?”

“அண்ணா, அந்த ஆளு… இருக்கறாரா?”

சென்றாயன் கோடாலியைக் கீழே வைத்தான். யார் என்று கேட்கவில்லை.

“இருக்கறாரு. ராசிபுரத்துல மளிகக் கடை. நான் ஆளா இருந்தனே, காளியண்ணன், அந்தக் கடையக் காலி பண்ணச் சொல்லி என்னய அனுப்புனான். அவரு முடியாதுன்னாரு. நான் அருவாள ஓங்குனேன், அவரு கையக் குறுக்க வெச்சாரு. எடது கை இப்பவும் மடங்காது. வெளிய வந்தன்னிக்கு மொதல்ல அவரத்தான் போயிப் பாத்தேன்.”

“என்ன சொன்னாரு?”

“ஒண்ணுஞ் சொல்லல. வெய்யில்ல நின்னேன். உள்ள போயிச் சொம்புல தண்ணி கொண்டாந்தாரு. எடது கையில சொம்பு நிக்கல. வலது கைக்கு மாத்திக் குடுத்தாரு. அதக் குடிச்சுட்டுத்தான் மலையேறுனேன்.” உடைத்த விறகைக் காலால் ஒதுக்கினான். “மேனகா, கேட்டுக்க. ஜெயிலு கதவு தொறந்ததும் நான் வெளிய வந்துட்டேன்னு நெனைச்சேன். இல்ல. அந்தக் கட்டிலு பாறைய விட்டு எறங்குற அன்னிக்குத்தான் நான் வெளிய வந்த மாதிரி. அதுக்கு எத்தன வருசமானாலும் சரி.”

மேனகா தலையை ஆட்டினாள். அன்று முதல் அவளுக்கும் அந்தக் கட்டில்தான் கண்ணில் நின்றது.

மாசியில் பக்கத்து ஊரில் ஒரு கல்யாணம். ஊரே கிளம்பியது. அத்தாயியை வந்து அழைத்திருந்தார்கள். மகனையும் கூட்டிக்கொண்டு வா என்று சொல்லவில்லை. “நீ போயிட்டு வாம்மா, எனக்கு ஏணி கட்டற வேல கெடக்குது” என்றான் சென்றாயன். மேனகா தனக்கும் வேலை கிடக்கிறது என்று ஜாடையில் சொன்னாள். வெங்கிடுசாமி மாப்பிள்ளை வீட்டுக்குத் தாய்மாமன் முறை, போகாமல் முடியாது. கட்டிலில் தன் மகன் ரமேஷ்குமாரை உட்கார வைத்துவிட்டுப் போனார். அவன் கல்யாணமாகி இரண்டு பிள்ளை பெற்றவன். அப்பா தலை மறைந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு செம்மேட்டுக்கு மேட்ச் பார்க்கப் போய்விட்டான். டீக்கடையில் கலர் டிவி இருந்தது.

மத்தியானத்துக்கு மேல், பாறைக்குக் கீழே மண் ரோட்டில் ஒரு வெள்ளை மெட்டடார் வேன் வந்து நின்றது. ஓட்டி வந்தவன் இறங்கியதும் முதல் வேலையாக ரோட்டோரச் சாக்கடையைப் பார்த்துக் குனிந்து வாந்தி எடுத்தான்.

பாறையோரம் மிளகைக் கிளறிக்கொண்டிருந்த மேனகா நிமிர்ந்து பார்த்தாள். வேனிலிருந்து இறங்கிய பெரிய மனிதரை அவள் பார்த்ததில்லை. ஆனாலும் தெரிந்தது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத துண்டு. காளியண்ணன். மலையடிவாரத்துக் காரவள்ளிக்குக் கீழே சமவெளியில் பாதிப் பேருடைய நிலத்துப் பத்திரம் அவர் பெட்டியில் இருப்பதாகச் சொல்வார்கள்.

“என்னடா சென்றாயா! என்னாடா இது கோலம்?”

சென்றாயன் கட்டிக்கொண்டிருந்த ஏணியைக் கீழே வைத்துவிட்டு வந்தான். “வாங்க.”

“அண்ணா!” என்று வேனுக்குப் பின்னாலிருந்து ஒரு குண்டு ஆள் ஓடிவந்து சென்றாயன் கையைப் பிடித்துக்கொண்டான். “நல்லாருக்கறீங்களா அண்ணா? எளைச்சுப் போயிட்டீங்க!”

“நீ பெருத்துட்டடா செங்கோடா. அவன் யாரு, தேவராஜா வாந்தியெடுக்கறது?”

“எழுவது வளைவுங்கண்ணா” என்றான் டிரைவர் தேவராஜ், வாயைத் துடைத்தபடி. “எண்ணிக்கிட்டே வந்தேன். பாதியில மறந்துட்டேன்.”

காளியண்ணன் குடிசைக் கட்டிலில் போய் உட்கார்ந்தார். அவர் பாரத்துக்குக் கட்டில் முனகியது. “வெள்ளிக்கெழம ஒரு வேல இருக்குது. நாமக்கல்லுல ஒருத்தன் சாட்சி சொல்றேங்கறான். நீ வந்து நின்னாப் போதும், கைகூட வெக்க வேண்டாம். உன் மூஞ்சியப் பாத்தாலே அவனுக்குப் பேச்சு நின்னுரும்.”

“நான் அத உட்டுட்டனுங்க.”

“உட்டுட்டு? மொளகு பொறுக்குறியா?” காளியண்ணன் கட்டிலைத் தட்டினார். “இது எதுக்குப் போட்டிருக்குதுன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனைச்சியா? காரவள்ளி டீக்கடையில சொல்லிச் சிரிக்கறாங்க. உனக்குத்தாண்டா காவலு! நீ பொறந்த ஊரு உன்னயத் திருடன்னு கட்டிலு போட்டுச் சொல்லுது. எங்கூட்டுல உனக்கு எம்பக்கத்துல எலை போட்டேன்.”

சென்றாயன் அவரைப் பார்க்கவே இல்லை. அவருடைய தலைக்கு மேலே, மலைமுகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். மேனகாவும் பார்த்தாள். மேகம் கறுத்து முகட்டில் உட்கார்ந்திருந்தது. காற்றில் மண் வாசனை வந்துவிட்டது. மாசியில் மழையை யார் எதிர்பார்த்தார்கள்?

பாறை முழுக்க ஊர் மிளகு. ஒரு வருஷத்து வெள்ளாமை. கீழே வீடுகளில் ஒரு ஆள் இல்லை. சென்றாயன் வானத்தைப் பார்த்தான், பாறையைப் பார்த்தான், வேனைப் பார்த்தான்.

“தேவராஜா! வண்டியப் பின்னால எடுத்துப் பாறைக்கு ஒட்டி நிறுத்துடா! செங்கோடா, வேட்டிய மடிச்சுக் கட்டு! வண்டிக்குள்ள ஆருடா இன்னொருத்தன்? எறங்குடா கீழ!”

அந்தக் குரலை மேனகா அதற்கு முன் கேட்டதில்லை. வீட்டில் சத்தம் போடாமல் பேசுகிற அண்ணனிடம் இப்படி ஒரு குரல் இருப்பது அவளுக்குத் தெரியாது. அந்த ஆட்களுக்கு அது பழகிய குரல். எதற்கு, ஏன் என்று கேட்காமல் மூன்று பேரும் ஓடினார்கள்.

“டேய், ஆரு சொல்றத ஆருடா கேக்கறீங்க?” என்றார் காளியண்ணன். அதற்குள் வேன் பாறையை ஒட்டி நின்றுவிட்டது.

“மேனகா! நீ அடையாளம்! கட்டுன சாக்குக்கெல்லாம் அந்தந்த ஊட்டு அடையாளத்த உள்ள போடு. ஒண்ணு மாறக் கூடாது!”

மேனகா ஓடினாள். ஒரு குவியலுக்கு இரண்டு சாக்கு வந்தால், ஒன்றில் அடையாளத்தைப் போட்டு மற்றதை அதோடு சேர்த்து முடிந்தாள். மணி இதற்கு, மத்து அதற்கு, லாடம், சங்கு. சின்ன வயசிலிருந்து பார்த்தவை. கண்ணை மூடிக்கொண்டே அவளால் சொல்ல முடியும்.

செங்கோடன் அவசரத்தில் சென்னம்மாள் வீட்டு மிளகை அள்ளி, பாதி நிரம்பியிருந்த வெங்கிடுசாமியின் சாக்கில் கொட்டப் போனான். சென்றாயன் அவன் முதுகில் ஒன்று வைத்தான்.

“கலக்காதடா! அது நேத்துப் போட்ட ஈரம், இது சலசலன்னு காய்ஞ்சது. ரெண்டுஞ் சேந்தா ரெண்டும் பூசணம் பூத்துப் போயிரும்.”

“மொளகு மொளகுதானுங்களே அண்ணா?”

“ஏண்டா, உங்கூட்டுக் கொழந்தையும் அடுத்தூட்டுக் கொழந்தையும் ஒண்ணாப் போட்டுக் குழப்புனா உம்பொண்டாட்டி சும்மா இருப்பாளா?”

“அய்யோ, கொன்னுருவா.”

“அப்ப இதுவும் அப்படித்தான். தனியா அள்ளு!”

காளியண்ணன் குடையை விரித்துக்கொண்டு குடிசை வாசலில் நின்று பார்த்தார். முதலில் கோபம் வந்தது. பிறகு ஒவ்வொரு சாக்காக வேனுக்குள் ஏற ஏற அவர் முகம் மலர்ந்துகொண்டே வந்தது. அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. அதாவது, புரிந்துவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

கடைசியாக மிச்சமிருந்தது மேனகா வீட்டுக் குவியல். சென்றாயன் அதன் பக்கம் திரும்புவதற்குள் மழை கொட்டிவிட்டது. பாறையில் தண்ணீர் ஓடையாக ஓடியது. மேனகா குவியல் மேல் விழுந்து மடியால் மறைத்தாள். பாதிக்கு மேல் அவள் விரல் இடுக்கு வழியாகவே சாக்கடைக்குப் போனது. “உடு கண்ணு” என்று சென்றாயன் அவளைத் தூக்கி நிறுத்தினான். கறுப்புக் கல் மட்டும் பாறையில் பளபளவென்று கிடந்தது.

மழை எவ்வளவு வேகமாக வந்ததோ அவ்வளவு வேகமாக ஓய்ந்தது. பின்னாலேயே மூடுபனி இறங்கியது. காளியண்ணன் வந்து சென்றாயன் தோளில் கையைப் போட்டார்.

“உன்னயத் தப்பா நெனைச்சுட்டேண்டா. நான் பேசிக்கிட்டிருக்கறேன், நீ ஒரு வார்த்த பேசாம ஊரையே வண்டியில ஏத்திட்ட. பழைய ஆளு பழைய ஆளுதான்! ஏறு, போலாம்.”

சென்றாயன் அவரைப் புரியாமல் பார்த்தான். பிறகு அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“பாறை காஞ்சதும் எறக்கோணுமுங்க.”

“எறக்கறதா?”

“ஆமாங்க. ஊர்ச் சொத்து. ஒதுங்க வேற எடமில்ல, அதான் உங்க வண்டி.”

காளியண்ணன் முகத்திலிருந்து சிரிப்பு வடிய நேரமானது. “தேவராஜா, வண்டிய எடு.”

தேவராஜ் மூடுபனியைப் பார்த்தான். ரோடு எங்கே, பள்ளம் எங்கே என்று தெரியவில்லை. “இந்தப் பனியில, இந்தப் பாரத்தோடயாங்க? ஏறும்போதே எம்பாதி உசுரு போயிருச்சு. அண்ணன் ஓட்டுனா எறங்கலாம்.” சொல்லிவிட்டுச் சாவியைச் சென்றாயன் பக்கம் நீட்டினான். சென்றாயன் வாங்கி உள்ளங்கையில் மூடிக்கொண்டான்.

“டேய், உன்னய மறுபடி உள்ள தள்ள எனக்கு ஒரு போன் போதும்.”

“தள்ளுங்க. உள்ள எனக்கு எடம் பழக்கந்தான். இந்தப் பாறையிலதான் இன்னும் கெடைக்கல.”

அந்த நேரத்தில்தான் ஊர் வந்து சேர்ந்தது. பட்டுச்சேலை முழங்காலுக்கு மேல், தலையில் வாழையிலை, பந்தியில் பாதியில் எழுந்த கையைக்கூடக் கழுவாமல் அப்படியே, மிளகு மிளகு என்று ஓடிவந்த கூட்டம். முன்னால் வெங்கிடுசாமி. இன்னொரு பக்கம் செம்மேட்டு வழியில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரமேஷ்குமார்.

பாறை காலியாக இருந்தது. பாறையை ஒட்டி ஊர் பேர் தெரியாத வேன். வேன் நிறைய மிளகுச் சாக்கு. பக்கத்தில் மூன்று தடியர்கள், குடையோடு ஒரு வெள்ளை வேட்டி. நடுவில் சென்றாயன், கையில் சாவி. அவர்கள் பார்த்திருந்த ஞாயிற்றுக்கிழமைப் படம் கடைசியில் கண்முன்னாலேயே ஓடியது.

“நான் அப்பவே சொன்னேன்ல!” என்று ரமேஷ்குமார் கத்தினான். அவன் எப்போதும் எதையும் சொல்லியிருக்கவில்லை.

காளியண்ணன் மெதுவாகக் குடையை மடக்கினார். சென்றாயனை ஒரு பார்வை பார்த்தார். “எங்க மேல கோவிச்சுக்காதீங்க. நாங்க வாடகைக்கு வந்த வண்டி. ஊருல ஆளில்ல, வாங்கன்னு உங்க ஊருப் பையன் இவன்தான் வரச் சொன்னான்.”

சென்றாயன் சுற்றிலும் இருந்த முகங்களைப் பார்த்தான். இரண்டு எட்டு வைத்து வெங்கிடுசாமியிடம் சாவியை நீட்டினான். அவர் வாங்கவில்லை. யாரோ கீழே கிடந்த ஏணிக் கழியை எடுத்தார்கள். “ஆள வெட்டுனவன்தானே, அப்பறம் எப்படி இருப்பான்!” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. கூட்டத்துக்குள்ளிருந்து அத்தாயி “அய்யோ சாமி” என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

“ஒரு சாக்க அவுத்துப் பாருங்க.”

யாருக்கும் கேட்கவில்லை. வேனுக்குப் பின்னால், சேறும் மிளகுமாக அப்பியிருந்த பாவாடையோடு மேனகா நின்றாள். இப்போது பேசாவிட்டால் இந்த ஊரில் இனி எப்போதும் பேச ஒன்றும் இருக்காது என்று அவளுக்குத் தெரிந்தது.

“பெரியப்பா! ஒரு சாக்க அவுத்துப் பாருங்க!”

கூட்டம் திரும்பியது. “அட, இவளுக்கு வாயி இருக்குதா!” என்றாள் சென்னம்மாள்.

“எதுக்கு அவுக்கோணும்?” என்றார் வெங்கிடுசாமி.

“அவுத்துப் பாருங்க, சொல்றேன். அந்த ஓரத்துல இருக்கறது உங்குளுது.”

வெங்கிடுசாமி வேனில் ஏறி முடிச்சை அவிழ்த்தார். கையை விட்டார். நாக்கு இல்லாத வெண்கல மணி கையில் வந்தது. அடுத்ததை அவிழ்த்தார், லாடம். அடுத்தது மத்து. “ஐயோ, எம்மத்து!” என்று சென்னம்மாள் எட்டிப் பிடுங்கிக்கொண்டாள். மிளகை ஒரு கை அள்ளி மோந்தாள், பல்லில் கடித்தாள். “எங்குளுதுதான். கலக்கல. ஒரு மணி மொளகு கலக்கல.”

“திருடறவன் எதுக்குங்க பெரியப்பா ஊடு ஊடாப் பிரிச்சுக் கட்டறான்?” என்றாள் மேனகா. “ஒண்ணாக் கொட்டிக் கட்டியிருந்தா அந்நேரத்துக்கே வண்டி எறங்கியிருக்குமுங்க. கலக்காதீங்க, கலக்காதீங்கன்னு எங்கண்ணன் இவங்கள அடிச்சுப் பிரிக்க வெச்சுது. பாறையில நிக்கறவங்கதானுங்க அள்ளோணும், நம்முளுதக் கடைசியிலதானுங்க அள்ளோணும்? எங்குளுது எங்க இருக்குதுன்னு பாருங்க.”

அவள் கை நீட்டிய இடத்தில் கூட்டம் பார்த்தது. வழிந்து ஓடிய மிளகு சாக்கடை ஓரத்தில் கறுப்புக் கோடாகத் தேங்கிக் கிடந்தது. பாறைமேல் கறுப்புக் கல் மட்டும் தனியாக இருந்தது.

“அப்பறம்…” மேனகா பின்னாலிருந்து குரல் வந்த திசையைப் பார்த்தாள். “எங்கண்ணன் ஆள வெட்டுச்சு. ஆமா. அந்த ஆளு இருக்கறாரு. ராசிபுரத்துல கடை வெச்சிருக்கறாரு. ஜெயிலு உட்டு வந்ததும் எங்கண்ணன் மொதல்ல அவரு முன்னாடி போயி நின்னுட்டுத்தான் மலையேறுச்சு. இனி ஆருக்காச்சும் கேக்கோணும்னா எங்கிட்டக் கேளுங்க, நான் சொல்றேன்.”

ஏணிக் கழியை எடுத்தவர் அதை மெதுவாகக் கீழே வைத்தார். செங்கோடன்தான் முதலில் வாயைத் திறந்தான். “அந்தப் புள்ள சொல்றது நெசமுங்க. எம்முதுகப் பாருங்க, விரலு தெரியும்.”

வெங்கிடுசாமி வேனிலிருந்து இறங்கி மகனைப் பார்த்தார். “நீ எங்கடா போன?”

“இல்லீங்கப்பா, ரெண்டே ரெண்டு ஓவரு…”

“போயி அந்தச் சாக்கெல்லாம் எறக்கு.”

சாக்குகள் இறங்கின. ஊர் ஆட்களோடு சேர்ந்து காளியண்ணனின் ஆட்களும் தூக்கினார்கள். யாரும் சொல்லவில்லை, அவர்களாகவே தூக்கினார்கள். நனைந்த தடியர்களைப் பார்த்து அத்தாயிக்கு மனசு கேட்கவில்லை. புதுக் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து காபி வைத்துக் கொடுத்தாள். செங்கோடன் இரண்டு டம்ளர் குடித்துவிட்டு, “இங்க மரவள்ளி புடுங்க ஆளு வேணுமுங்களா?” என்று சென்னம்மாளிடம் மெதுவாகக் கேட்டான். “உம்பாரத்துக்கு எங்கொல்ல தாங்காது சாமி” என்றாள் அவள். காளியண்ணன் காபியைத் தொடவில்லை.

பனி விலகியதும் சென்றாயன் சாவியைத் தேவராஜிடம் கொடுத்தான். “ரெண்டாவது கியர்லயே எறங்கு. வளைவுக்கு வளைவு ஆரன் அடி. ஏறி வர்ற வண்டிக்கு நின்னு வழி உடு. அவசரப்படாத.”

“நீ வருவடா” என்றார் காளியண்ணன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டே. “எத்தன நாளைக்கு இங்க கெடப்ப, பாக்கறேன்.”

“பாருங்க” என்றான் சென்றாயன்.

வேன் திருப்பத்தில் மறையும் வரை ஊர் நின்று பார்த்தது. பிறகு தலைக்கு ஒரு சாக்காகச் சுமந்துகொண்டு கலைந்தது. மன்னிப்பு என்று வெங்கிடுசாமி வாயில் ஒரு சொல் அதுவரை வந்ததில்லை, அன்றும் வரவில்லை. மேனகாவுக்கு அது வருத்தமாக இருந்தது. கட்டில் இன்னும் பாறையின் உச்சியிலேயே இருந்தது.

மறுநாள் வெயில் சுள்ளென்று அடித்தது. ஊர் மறுபடியும் பாறைக்கு ஏறியது. அவரவர் இடத்தில் அவரவர் மிளகு விரிந்தது. சாக்கடை ஓரத்தில் தேங்கியதைச் சென்றாயனும் மேனகாவும் விடிந்ததிலிருந்து பொறுக்கிக் கழுவி எடுத்து வந்திருந்தார்கள். ஒரு முறம் தேறியது. அதைத் தங்கள் இடத்தில் பரப்பினார்கள். அத்தனை பெரிய இடத்தில் அது ஒரு கைக்குட்டையை விரித்த மாதிரி இருந்தது. மேனகா அதன் நடுவில் கறுப்புக் கல்லை வைத்தாள். இந்த முறை தலை குனியவில்லை. “என்ன கண்ணு, சாப்பிட்டியா?” என்றாள் மத்தை வைத்துக்கொண்டிருந்த சென்னம்மாள். “ஆச்சுங்க பெரியம்மா, நீங்க?” என்று மேனகா வாய்விட்டுப் பதில் சொன்னாள். பாறையே ஒரு கணம் திரும்பிப் பார்த்தது.

எல்லோருக்கும் கடைசியாக வெங்கிடுசாமி வந்தார். மிளகைக் கொட்டினார், காலால் பரப்பினார், மணியை வைத்தார். பிறகு உச்சிக்கு ஏறிப் போனார். சென்றாயன் குனிந்து மிளகைக் கிளறிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை. மேனகாதான் பார்த்தாள்.

வெங்கிடுசாமி ஓலைக் குடிசையின் கால்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் சாய்த்தார். டார்ச் லைட்டை இடுப்பில் செருகினார். கட்டிலைத் தூக்கித் தலைமேல் கவிழ்த்துக்கொண்டார். இறங்கி வரும் வழியில் சென்றாயன் பக்கத்தில் வந்ததும் நின்றார். கட்டிலுக்கு அடியிலிருந்து அவர் முகம் பாதிதான் தெரிந்தது. சென்றாயன் நிமிர்ந்தான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பிறகு அவர் ஊர் மிளகு அத்தனையையும் அப்படியே விட்டுவிட்டு, பாறையை விட்டு இறங்கிப் போனார்.